ஆனிக்கு முப்பத்திரண்டு

காரைக்குடியில் இன்று மாதாந்திரப் பராமரிப்பு.
ஒன்பதுக்குப் போன மின்சாரம்
ஐந்துக்குத்தான் வரும்.
செக்காலை ரோட்டில், பாத்திரக்கடை மாடியில்,
ஆறு பேர் கம்பெனி எங்களுடையது.
மின்விசிறி நின்றது. மோடம் கண்மூடியது.
ஹாட்ஸ்பாட் தவழ்கிறது.
எதைக் கேட்டாலும் எழுதித் தரும் ஏஐ
சுற்றிக்கொண்டே இருக்கிறது ஒரு வட்டமாக.
என் கையில் நாற்பத்தொரு சதவீத பேட்டரியும்
ஒரு புகாரும்.

புகார்க்காரி மரியபுஷ்பம்,
தேவகோட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவள்.
வைகாசி ஒன்றாம் தேதி சங்கிலியை வைத்தாள்,
ஆனி கடைசி நாள் மீட்கப் போனாள்.
எங்கள் மென்பொருள் மூன்று மாத வட்டி கேட்டது.
அறுநூறு ரூபாய் அதிகம்.
“வைகாசியும் ஆனியும் சேந்தா
எப்படிய்யா மூணு மாசம்?”
கம்ப்யூட்டர் சொல்லுது என்றாராம்
அடகுக்கடை சாத்தப்பன்.
அவர் அதை ஃபோனில் சொன்னபோது
எனக்குக் காது சுட்டது.
கம்ப்யூட்டர் நான்தான்.

அந்தக் கடையில் தமிழ் மாசக் கணக்கு.
வைகாசிக்கு முப்பத்தொன்று,
இந்த வருஷம் ஆனிக்கு முப்பத்திரண்டு.
அறுபத்து மூன்றை முப்பதால் வகுத்து
மிச்ச மூன்று நாளுக்கு
முழு மாசம் போட்டிருந்தது
நூற்றுப் பதினேழாம் வரி.

“அதை நம்பினா இப்படித்தான்” என்கிறான் அடைக்கலம்,
எங்களில் ஏஐயைத் தொடாத ஒரே ஆள்.
(அவன் கையால் எழுதிய ஜிஎஸ்டி பக்கம்
பிப்ரவரி இருபத்தொன்பதில் செத்துக் கிடந்தது.
அது வேறு கதை.)
“நாலு மாச வேலைய நாலு நாள்ல முடிச்சப்ப
இனிச்சுதுல்ல?” இது உமையாள்.
நாம் கால், அது முக்கால்;
இல்லை, பாதிக்குப் பாதி என்று
இருவரும் பேரம் பேச,
கீழே யாரோ வாங்கப்போகும் குடத்தை
டங்கென்று தட்டிப் பார்க்கிறார்கள்.

அந்த வரிக்கு மேலே, சாம்பல் எழுத்தில்:
“மாதத்துக்கு முப்பது நாள் என எடுத்துக்கொண்டேன்.
கடையின் வழக்கம் வேறாக இருக்கலாம்.
உறுதி செய்யவும்.”

கேட்டிருக்கிறது.

என் பதில் எனக்கு நினைவிருக்கிறது.
ஒரு கையில் வெள்ளைப் பணியாரம்,
மறு கையில் எண்ணெய் படாத சுண்டுவிரல்.
ஒரு தட்டு. ஏற்றுக்கொள்.
சோதனைகள் எல்லாம் பச்சை.
சோதனைகளையும் அதுவே எழுதியது,
முப்பது முப்பதாக.
கமிட்டில் பெயர்: தெய்வானை.
பதிமூன்று மாதமாக என் பெயர் அங்கே.

கைநாட்டு வைக்கிறவர்கூட
“என்ன எழுதிருக்கு, படிங்க” என்பார்.
எனக்கு இரண்டு மொழியில் கையெழுத்து வரும்.

ஐந்து பத்துக்கு மின்சாரம் வந்தது.
அதனிடமேதான் போனேன். வேறெங்கே போக?
பதினோராயிரம் ரசீது.
ஆனால் முதலில் சாத்தப்பனிடம்
முக்கால் மணி நேரம் ஃபோன்:
மாசம் பிறந்து இரண்டு நாள் சலுகையாம்,
கடை அடைத்த நாளுக்கு வட்டி கிடையாதாம்.
எங்கும் எழுதியிருக்கவில்லை,
நாங்களும் கேட்டிருக்கவில்லை.
எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன்.
அரை நிமிடத்தில் பட்டியல் வந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பணம் திரும்ப வேண்டும்.

ஏற்றுக்கொள் மினுங்கியது. தொடவில்லை.
கொப்புடையம்மன் படம் போட்ட காலண்டரைப் புரட்டி
மூன்று ரசீதைக் கையால் போட்டுப் பார்த்தேன்.
ஒன்று சரி.
இரண்டு சரி.
மூன்றாவது இடித்தது.

அடைக்கலத்தைக் கூப்பிட்டேன்.
ஆசையாக வந்து குனிந்தான்,
கட்டம் கட்டமாக விரல் வைத்து எண்ணினான்,
முகம் தொங்கிப்போனது.
“மார்கழிக்கு இருபத்தொம்பது.
நீதான் முப்பது போட்டிருக்க.”

உமையாள் சிரிக்கவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
நாலாவது ரசீதை எடுத்தாள்.

மூன்று நாள் கழித்து மரியபுஷ்பம்
அறுநூறு ரூபாயை வாங்கிக்கொண்டாள்.
சாத்தப்பன் சொன்னார்:
கடை வாசலிலேயே நின்று,
ஆட்டோவில் ஆள் காத்திருக்க,
ரெண்டு தரம் எண்ணினாளாம்.